பாண்டியன் கடிக்காத பச்சை மிளகாய்

தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் ஆயுசில் ஒரு பச்சை மிளகாயைக் கடித்ததில்லை. தக்காளியைக் கண்ணால் கண்டதில்லை. உருளைக்கிழங்குப் பொரியல் இல்லாமலே ஒரு ராஜ்யத்தை ஆண்டு முடித்தார். 1446இல் அவர் கோயில் வேலையைத் தொடங்கியபோது மிளகாய்ச் செடி அமெரிக்கக் கண்டத்தில் தன்பாட்டுக்குக் காய்த்துக்கொண்டிருந்தது. வழி தவறி அந்தக் கண்டத்தில் போய் முட்டப்போகிற கொலம்பஸ் பிறப்பதற்கே இன்னும் 5 வருஷம் கிடந்தது.

அப்படியானால் கோயில் வேலைக்கு வந்த கல்தச்சர்கள் மத்தியானம் கூழுக்கு எதைக் கடித்துக்கொண்டார்கள்? வெங்காயம் இருந்தது. மிளகு இருந்தது, ஆனால் மிளகைக் கடித்துக்கொண்டு கூழ் குடிக்கிற அளவுக்குக் கூலி இருந்திருக்காது. ஆக, உறைப்பில்லாத கூழைக் குடித்துவிட்டுத்தான் அந்தப் பாறைகளைத் தூக்கியிருக்கிறார்கள். கோயிலைப் பார்த்து வியக்கிறவர்கள் இதையும் சேர்த்து வியக்க வேண்டும்.

பின்னாளில் இந்தக் கோயிலைப் பழுது பார்த்துக் காப்பாற்றுகிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் காலில் இப்போதே விழுகிறேன் என்ற அர்த்தத்தில் கல்வெட்டு வைத்துவிட்டுப் போன ராஜா அவர். இவ்வளவு பணிவான மனிதரை வைத்து விளையாடலாமா என்று தென்காசிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவரை நான் ஒரே ஒரு வேலைக்குத்தான் கூப்பிடுகிறேன். இன்றைக்கு விடிகாலையில், தென்காசிக்குப் பக்கத்துப் பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குள் ஒரு நடை வந்து போகட்டும்.

வந்தால் கத்தரிக்காயை அடையாளம் கண்டுகொள்வார். முருங்கைக்காயைப் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி முகம் மலரும். சின்ன வெங்காய மூட்டைகளைக் கண்டு கொஞ்சம் தெம்பாவார். அதற்கு மேல் தக்காளிப் பெட்டி, மிளகாய்ச் சாக்கு, முட்டைக்கோஸ் குவியல், பீன்ஸ், காரட் என்று வரிசையாக அந்நியர்கள். இதெல்லாம் எந்தத் தேசத்துப் படையெடுப்பு என்று திகைத்து நின்றால், ஏலக்காரர் சும்மா விடுவாரா?

“ராஜான்னா இருக்கட்டும் வே. ஏலத்துக்குக் குறுக்க நிக்காம ஒதுங்கும்.”

பாவூர்சத்திரத்துக்காரர் ஒருவரிடம் உமக்குப் பிடித்த சாப்பாடு எது என்று கேட்டுப் பாருங்கள். பரோட்டா, சால்னா, அல்வா, சொதி, கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும், சாயங்காலம் ஒரு டீ, மழைக்கு ஒரு கருப்பட்டிக் காப்பி. கேட்டால் எல்லாமே பாட்டன் பூட்டன் காலத்துச் சமாச்சாரம் என்பார். கொஞ்சம் தோண்டினால், ஒவ்வொன்றும் எவனோ எதற்கோ கொண்டுவந்தது. ஒருத்தன்கூட நம் நாக்கை நினைத்துக் கொண்டுவரவில்லை. மிளகுக்கு ஆசைப்பட்டவன், ஜாதிக்காய்க்கு ஆசைப்பட்டவன், அரிசி பற்றாத மகாராஜா, கோதுமை மிஞ்சிப்போன அமெரிக்கா என்று அவனவன் தன் காரியமாக வந்தான், அல்லது அனுப்பினான். நம் ஆட்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான். வந்த எல்லாவற்றுக்கும் தேங்காய் அரைத்து விட்டார்கள்.

முதலில் வந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் கரையிறங்கியது மிளகுக்காக. அதற்கப்புறம் கப்பல் கப்பலாக மிளகை அள்ளிக்கொண்டு போனார்கள். போகிறபோது சும்மா போகாமல், அமெரிக்காவில் பொறுக்கிய மிளகாய் விதையை இங்கே விட்டுவிட்டுப் போனார்கள். உலக வியாபாரச் சரித்திரத்தில் இதைப்போல ஒரு கோமாளித்தனம் கிடையாது. விலை கொடுத்து வாங்க வந்த சரக்குக்கு எதிர்ச்சரக்கை அந்த ஊரிலேயே இலவசமாக விதைத்துவிட்டுப் போன ஒரே கூட்டம் அதுதான்.

மிளகாய் இங்கே பற்றிக்கொண்டதற்குக் காரணம் நாக்கு அல்ல, மலை. மிளகுக் கொடிக்கு மரம் வேண்டும், நிழல் வேண்டும், கொட்டுகிற மழை வேண்டும். அதெல்லாம் மலைக்கு மேற்கே. மலைக்குக் கிழக்கே இருக்கிற பாவூர்சத்திரத்துக்கு ஆனி ஆடியில் கிடைப்பது காற்றும் சாரலும்தான். மேகம் அத்தனையும் ஆரியங்காவுப் பக்கமே இறக்கி வைத்துவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்கையோடு வரும். கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் மிளகாய்க்குப் போதும். சில மாதத்தில் காய்க்கும். மரம் ஏற வேண்டாம், கொல்லையிலேயே பறிக்கலாம். ராஜாவும் வைத்தியரும் மடப்பள்ளியும் பங்கு போட்டுக்கொண்டிருந்த காரம், முதல்முறையாகக் கூழ்ச்சட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. புரட்சி என்று நாம் பெயர் வைத்திருக்கிற பல சம்பவங்களில் இந்த அளவுக்குக்கூட மாற்றம் நடக்கவில்லை.

செத்துப்போனவர்கள் மட்டும்தான் மிளகாயை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. திதிச் சமையலில் பாருங்கள், பல வீடுகளில் மிளகாய் கிடையாது, மிளகுதான். தக்காளி, உருளை, கோஸ், காரட் எதற்கும் அனுமதி இல்லை. வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், அவரைக்காய் என்று பராக்கிரம பாண்டியன் காலத்து அட்டவணை அப்படியே நடக்கிறது. வருகிற முன்னோருக்குப் பழக்கமில்லாததைப் பரிமாறினால் அவர் இலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாரே என்ற அக்கறை. இதில் ஒரு திருட்டும் உண்டு. சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சில வீடுகளில் சேர்ப்பார்கள். அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான். மண்ணுக்கு அடியில் கிடந்ததால் பித்ருக்கள் கண்ணில் படாமல் தப்பிவிட்டது போலிருக்கிறது.

அடுத்து கம்பெனிக்காரன். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் தோட்டம் போட்டது. அருவி பார்க்க அல்ல. ஜாதிக்காயும் கிராம்பும் டச்சுக்காரன் கையில் இருந்தன. மொலுக்காஸ் தீவுகளில் அவன் வைத்ததுதான் விலை. அந்தச் செடிகளை நம் சொந்த மண்ணில் வளர்த்துவிட்டால் டச்சுக்காரனின் கொட்டத்தை அடக்கிவிடலாம் என்பது கணக்கு. குற்றாலத்து ஈரமும் நிழலும் அதற்குத் தோதாகப் பட்டன.

கணக்கு போட்டவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். குற்றாலத்துக்கு வந்து வேலை பார்த்தவன் எவனாவது உண்டா? துரைமார்கள் சீசனுக்கு வந்தார்கள், பங்களா கட்டினார்கள், குளித்தார்கள், ஈரம் காய்வதற்குள் மறுபடியும் குளித்தார்கள். தோட்டங்கள் பிற்பாடு தனியார் கைக்குப் போயின. டச்சுக்காரன் தலையில் துண்டு விழவில்லை, துரையின் தலையில்தான் எப்போதும் துண்டு இருந்தது. மிஞ்சியது ஜாதிக்காய், கிராம்பு வகையறாவோடு மலாய் தேசத்து மங்குஸ்தானும் ரம்புத்தானும். இன்றைக்கு சீசனில் குடும்பத்தோடு வருகிறவர் மங்குஸ்தான் விலையைக் கேட்டு அதிர்ந்து, வாங்காமல் போனால் வீட்டில் மரியாதை போய்விடும் என்று கால் கிலோ வாங்கிக் காரில் ஏறுகிறாரே, கம்பெனியின் கடைசி வரிவசூல் அதுதான்.

அல்வாவின் கதையில் கப்பல் இல்லை, ஜமீன்தார் இருக்கிறார். கடையநல்லூர்ப் பக்கத்துச் சொக்கம்பட்டி ஜமீன்தார் வடக்கே காசிக்குப் போனார், அல்வாவைச் சாப்பிட்டார், சொக்கிப்போய் அதைக் கிண்டியவர்களையே இங்கே கூட்டிவந்துவிட்டார் என்று பரம்பரையாகச் சொல்வார்கள். காசிக்குப் போகிறவன் எதையாவது விட்டுவிட்டு வர வேண்டும் என்பது முறை. ஜமீன்தார் முறையை மாற்றி, எடுத்துக்கொண்டு வந்தார். அந்த ராஜஸ்தானத்து சிங் குடும்பங்கள் திருநெல்வேலியில் தங்கி, அல்வாவையும் தங்க வைத்தன. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, 1900 வாக்கில் தொடங்கிய இருட்டுக்கடையில் இன்றும் சாயங்காலக் கூட்டம் நிற்கிறது.

அரபு நாட்டில் பிறந்து, வடக்கே வளர்ந்து, சிங் கையால் கிண்டப்பட்ட பண்டத்துக்குத் திருநெல்வேலிக்காரன் கேட்டது ஒரே ஒரு பங்கு. “என்ன கிண்டினாலும் எங்க தாமிரவருணித் தண்ணி இல்லாம இந்த ருசி வராது பாத்துக்கிடுங்க.” சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் எடுத்து, புளிக்கவிட்டு, கை கழன்று போகிற வரைக்கும் கிண்டியவனின் பெயர் பின்னால் போய், ஆறு முன்னால் வந்துவிட்டது. உலகத்தில் குடிநீருக்கு இவ்வளவு புகழ் வாங்கிக் கொடுத்த இனிப்பு வேறு இல்லை.

கப்பைக்கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு, வருவோம். அதற்கு முன்னால் ஒரு பூகோளம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. பிரானூரில் எல்லை. வெள்ளைக்காரன் இருந்தவரை இந்தப் பக்கம் அவன் ராஜ்யம், அந்தப் பக்கம் மகாராஜா ராஜ்யம். பாவூர்சத்திரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு போனால் பொழுது சாய்வதற்குள் வேறு நாடு. அத்தைமகள் வெளிநாட்டில் இருந்தாள்.

அந்த நாட்டை 1880 முதல் 1885 வரை ஆண்டவர் விசாகம் திருநாள் மகாராஜா. அரிசிப் பஞ்சத்துக்கு மருந்தாகப் பிரேசில் தேசத்து மரவள்ளியைப் பிடித்தார். ஜனங்களுக்கு அதன்மேல் பயம். விஷம் என்றார்கள். பயம் பொய்யில்லை, சில வகைகளை ஒழுங்காக வேகவைத்துத் தண்ணீரை இறுக்காமல் தின்றால் ஆபத்துதான். மகாராஜாவே வேகவைத்துத் தின்று காட்டினார் என்று ஒரு கதை உண்டு. எனக்கு அந்தக் காட்சியில் மகாராஜாவைவிடப் பக்கத்தில் நின்ற திவானின் முகத்தைப் பார்க்கத்தான் ஆசை. மகாராஜாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அடுத்த துண்டு யாருக்கு என்று அவர் யோசித்திருப்பார்.

கிழங்கு அப்போது பாதி ஜெயித்தது. மீதியை ஜப்பான்காரன் ஜெயித்துக் கொடுத்தான். 1942இல் பர்மா விழுந்ததும் ரங்கூன் அரிசி நின்றது. திருவிதாங்கூரின் வயிறு கப்பையின்மேல் விழுந்தது. எல்லை தாண்டி இந்தப் பக்கமும் கப்பை வந்தது. அன்றைக்குக் கப்பை தின்றவர்கள் அதைச் சொல்ல வெட்கப்பட்டார்கள். இன்றைக்கு அதே கப்பையை மசித்து, மீன்குழம்போடு வாழையிலையில் வைத்து, போட்டோ எடுத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறோம்.

ரயில் 1903இல் இந்த வழியாக வந்தது. மறுவருஷம் மலையைக் குடைந்து கொல்லத்துப் பக்கத்தோடு சேர்ந்தது. அதோடு காப்பியும் பின்னால் டீயும் வேகமாக ஊருக்குள் இறங்கின. காப்பி குடித்தால் குடி கெடும் என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் பத்திரிகையில் புலம்பினார்கள், புலம்பி முடித்ததும் ஒரு டம்ளர் குடித்தார்கள். நம் பக்கத்துப் பனங்காட்டுக்காரர்கள் புலம்பவில்லை. கருப்பட்டியைத் தட்டிப் போட்டார்கள், சுக்கைத் தட்டிப் போட்டார்கள், பல வீட்டில் காப்பித்தூளைப் போடவே மறந்துவிட்டார்கள். சுக்குக் காப்பி என்று பெயர். காப்பிக்கு அதில் பெயரளவில்தான் இடம். டீயை விற்பதற்கு 1930களில் தேயிலைக்காரர்கள் ஊர் ஊராக இலவசமாகப் போட்டுக் கொடுத்தார்கள். இலவசம் என்றைக்கு நின்றதோ அன்றைக்குக் கடன் நோட்டு ஆரம்பமானது.

திருநெல்வேலிச் சைவ வீடுகளின் மாப்பிள்ளைச் சொதியைப் பற்றிப் பேசாமல் போனால் என்னை ஊருக்குள் விடமாட்டார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற விருந்து. தேங்காய்ப்பால் மூன்று தரம் பிழிய வேண்டும், பாசிப்பருப்பு வேக வேண்டும், எலுமிச்சம்பழம் கடைசியில் விழ வேண்டும், தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. குல ஆசாரம், கோத்திரப் பெருமை எல்லாம் அந்தப் பாத்திரத்துக்குள் இருக்கும். கரண்டியை விட்டுக் கிளறினால் என்ன வருகிறது? காரட், பீன்ஸ், பச்சைப் பட்டாணி, உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய். முருங்கைக்காய் ஒன்றுதான் உள்ளூர் ஆள், சம்பந்தி வீட்டுக்குத் துணைக்கு வந்தவர் போல ஓரமாகக் கிடக்கும். இவ்வளவு ஆசாரமான விருந்தில் இத்தனை மிலேச்சர்கள் பூணூல் இல்லாமல் பந்தியில் உட்கார்ந்திருப்பது எப்படி என்று எந்தப் பெரியவரும் கேட்டதில்லை. வாயில் சொதி இருந்தது.

சாம்பாரும் இட்லியும்கூடத் தப்பவில்லை. சாம்பாரைத் தஞ்சாவூர் மராட்டியர் அரண்மனையில் சாம்பாஜிக்காகப் புளி ஊற்றிக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. ஆதாரம் கேட்டால் வாளியைத் தூக்கிக் காட்டுவார்கள். இட்லி இந்தோனேசியப் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்று உணவு வரலாற்று ஆசிரியர் கே.டி. அச்சயா எழுதினார். ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. சண்டை நடக்கட்டும், அதுவரை சட்னி காய்ந்துவிடக் கூடாது.

மார்க்கெட் கதைக்குத் திரும்பினால், இந்த அந்நியக் காய்களை வைத்துப் பாவூர்சத்திரம் பழிவாங்கிய அழகு தெரியும். கீழப்பாவூர், ஆவுடையானூர், கல்லூரணி என்று சுற்றுவட்டத்துக் கிணற்றுப் பாசனக் காய்கறி எல்லாம் இங்கே ஏலத்துக்கு வருகிறது, லாரி ஏறி மலையைத் தாண்டுகிறது. ஓணம் வந்தால் விலை எகிறும். மாவேலி மன்னர் வருஷத்துக்கு ஒரு தடவை கேரளத்துக்கு வருகிறார், தன் பிரஜைகள் செழிப்பாக இருக்கிறார்களா என்று பார்க்கிறார், இலை நிறைந்திருப்பதைப் பார்த்துத் திருப்தியோடு போகிறார். இலையில் கிடந்த வெண்டையும் கத்தரியும் தக்காளியும் எந்த ஊர் ஏலத்தில் எடுத்தது என்று யாரும் அவருக்குச் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த வருஷம் நேராகப் பாவூர்சத்திரத்துக்கு வந்து இறங்கிவிடுவார், கமிஷன் கடைக்காரர் அவரையும் ஒதுங்கி நிற்கச் சொல்லுவார்.

பரோட்டாவுக்கு இனி வரலாம். இது பெரிய கதை, இதில் இரண்டு அமெரிக்க ஜனாதிபதிகள் இருக்கிறார்கள்.

1954இல் ஐசனோவர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பி.எல். 480 என்று நம் ஊர் ரேஷன் கடை வரைக்கும் பேர் தெரிந்த சட்டம். அமெரிக்காவில் கோதுமை மிஞ்சி, வைக்க இடமில்லை. இங்கே அரிசி இல்லை, வைக்க இடம் இருந்தது. 1956இல் ஒப்பந்தம் ஆனது. கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. 1965இலும் 66இலும் மழை பொய்த்தது. லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை ராத்திரி ஒரு வேளைச் சாப்பாட்டை விடச் சொன்னார், ஹோட்டல்கள் அடைத்தன. வாஷிங்டனில் ஜான்சன் அடுத்த கப்பலை விடலாமா வேண்டாமா என்று மாதாமாதம் இந்தியாவைத் தொங்கலில் வைத்தார். 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று வாக்குக் கொடுத்தது, ஆட்சியே மாறியது. நெல்லுச்சோறு என்பது தீபாவளி, பொங்கல், யார் வீட்டிலாவது விசேஷம் என்றிருந்த ஜனங்களிடம் கோதுமையைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்? சப்பாத்தி சுட்டுப் பார்த்தார்கள். அது ஆஸ்பத்திரியில் கொடுக்கிற பதார்த்தம் என்று ஒதுக்கினார்கள். உப்புமா கிண்டினார்கள். அதைப் பற்றி இந்த மண்ணின் அபிப்பிராயம் உங்களுக்கே தெரியும்.

பரோட்டா அதற்கு முன்பும் உண்டு. கொழும்புக்குப் போய் வந்தவர்கள் கொண்டுவந்தது என்று ஒரு கட்சி, மலபாரிலிருந்து மலை இறங்கியது என்று ஒரு கட்சி. ஆனால் அது ஊருக்கு ஊர் அடுப்பேறியது மைதா மலிந்த பிற்பாடுதான் என்று பழைய கடைக்காரர்கள் சொல்வார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது. கோதுமையின் தவிடு, முளை என்று உடம்புக்கு ஆகிற எல்லாவற்றையும் உருவிவிட்டு, மிஞ்சியதை எண்ணெயில் குளிப்பாட்டி, வலை வீசுகிற வேகத்தில் வீசி, கொசுவம் வைத்து, சுருட்டி, கல்லில் போட்டு, இரண்டு கையாலும் நாலு சாத்துச் சாத்தி இலையில் வைத்தார்கள். ஐசனோவரின் உபரி கோதுமைக்கு இவ்வளவு பெரிய மரியாதை அவர் சொந்த ஊரான கான்சாஸில்கூடக் கிடைத்திருக்காது.

பிரானூர் எல்லை 1956இல் மேற்கே புளியரைக்கு அப்பால் நகர்ந்துவிட்டது. செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கெஜட்டில் அச்சடித்தார்கள், பலகையை மாற்றினார்கள். ஆனால் பிரானூர் இன்றைக்கும் ‘பார்டர்’தான். ராஜ்யங்கள் விட்டுப்போன அந்தக் கோட்டின்மேல் பரோட்டாக் கல்லைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். குற்றாலத்தில் குளித்துவிட்டு, தலையைத் துவட்டாமல் பார்டருக்கு ஓடுகிற கூட்டத்தைப் பார்த்தால் ஏதோ யுத்தத்துக்குப் போகிற அவசரம் தெரியும். உள்ளங்கை அகலப் பரோட்டா. அதைப் பிய்த்துப்போட்டு, சால்னாவை ஊற்றி ஊறவைத்து, மிளகு தூக்கலாக நாட்டுக்கோழியோ காடையோ பக்கத்தில். மதுரைக்காரர் தன் ஊர் பன் பரோட்டாவைச் சொல்லுவார். விருதுநகர்க்காரர் எண்ணெயில் மிதக்கிற தன் பரோட்டாவைச் சொல்லுவார். பாவூர்சத்திரத்துக்காரர் இரண்டு பேர் சொல்வதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இருக்கட்டும் அண்ணாச்சி, பார்டருக்கு ஒருக்கா வந்துட்டுப் பேசுங்க” என்பார்.

அதற்கப்புறம் வந்தவை விலாசம்கூட இல்லாமல் வந்தன. 1965இல் சென்னை புகாரி ஹோட்டலில் சிக்கன் 65 பிறந்தது என்பார்கள். 1975இல் பம்பாயில், கல்கத்தாச் சீனரான நெல்சன் வாங் கோழித்துண்டுகளைப் பொரித்து, இஞ்சி பூண்டு பச்சை மிளகாயோடு சோயா சாஸை ஊற்றி மஞ்சூரியன் என்று பெயர் வைத்தார். மஞ்சூரியாவில் இருக்கிறவன் அதைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டான். கோழி போய்க் காலிஃபிளவர் வந்தது. அந்தக் காலிஃபிளவரும் 1822இல் இங்கிலாந்திலிருந்து விதையாக வந்தது. ஆக, கல்கத்தாச் சீனர் பம்பாயில் கண்டுபிடித்த முறையில், இங்கிலாந்துப் பூவை, அமெரிக்க மிளகாய் போட்டு, தள்ளுவண்டியில் வறுத்து, பாவூர்சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சுடச்சுடத் தருகிறார்கள். மேலே கொத்தமல்லித் தழை, ஓரத்தில் வெங்காயம். கருவேப்பிலையும் ஒரு பிடி பொரித்துப் போட்டிருப்பார்கள். அங்கேதான் குடியுரிமை கொடுக்கப்படுகிறது. வளைகுடாவுக்குப் போனவர்கள் வழியாகவும் மலையாளத்து வழியாகவும் வந்த மந்தியும் ஷவர்மாவும் இன்னும் விண்ணப்ப நிலையில் இருக்கின்றன. ஷவர்மாவுக்குள் யாராவது சால்னா ஊற்றும் நாளில் அதுவும் கிடைத்துவிடும்.

இதையெல்லாம் பார்த்து மனம் வெதும்பி, அந்நியம் வேண்டாம், சிறுதானியத்துக்குத் திரும்புவோம் என்று கிளம்பியிருக்கிற ஒரு கூட்டம் உண்டு. நல்ல காரியம். கம்பு, சோளம், கேழ்வரகு என்று பாக்கெட்டில் அடைத்து, அரிசியைப்போல் இரண்டு பங்கு விலைக்கு விற்கிறார்கள். அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. இந்த மூன்றும் ஆப்பிரிக்காவில் பிறந்தவை. சில ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தவை. புளியமரமும் அந்தக் கண்டத்துப் பிள்ளைதான். ஆக, புளிக்குழம்பையும் கம்பஞ்சோற்றையும் வைத்துக்கொண்டு மண்வாசனை பேசமுடியாது. பேசினால் அந்த வாசனை வேறு மண்ணுடையது.

சரி, எதுதான் நம்முடையது என்று விடாப்பிடியாகத் தேடினால் உளுந்து கிடைக்கிறது. எள் கிடைக்கிறது. கத்தரிக்காய், மிளகு. உளுந்தும் எள்ளும் சேர்ந்தால் இந்தப் பக்கத்து உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். தோலோடு உளுந்தைப் போட்டு, பூண்டும் வெந்தயமும் தேங்காய்த் துருவலும் சேர்த்துப் பொங்குகிற சோறு. துவையலில் மிளகாய் வற்றல் இருக்கிறது, சோற்றில் மத்திய ஆசியாவிலிருந்து வந்த பூண்டு இருக்கிறது என்று இனிமேல் யாரும் கிளப்பக் கூடாது, எனக்குப் பசிக்கிறது. உளுந்தங்களி இன்னும் சுத்தம். உளுந்து மாவு, கருப்பட்டி, நல்லெண்ணெய். அப்பழுக்கில்லாத சுதேசிச் சாப்பாடு. அதைப் பெண்பிள்ளைகள் பெரியமனுஷி ஆனதும் இடுப்புக்குப் பலம் என்று வாயைப் பிடித்துத் திறந்து ஊட்டுவார்கள். பாரம்பரியத்தைப் பற்றி மேடையில் பேசுகிற ஆண்கள் எவரும் அந்தக் களியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு நான் கண்டதில்லை. அவர்கள் கூட்டம் முடிந்ததும் பார்டருக்குப் போய்விடுகிறார்கள்.

இப்போது பெட்டிக்கடை வாசலில் கொரியன் நூடுல்ஸ் தொங்குகிறது. சிவப்புப் பாக்கெட். கொரியாக்காரன் உறைப்பு என்று பிள்ளைகள் சண்டை போட்டு வாங்குகின்றன. ஒரு வீட்டில் பேரன் அதை வெந்நீரில் போட்டு எடுத்து, கண்ணில் தண்ணீர் வழிய, மூக்கை உறிஞ்சிக்கொண்டு தின்றான். பக்கத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஆச்சி தட்டை வாங்கி ஒரு வாய் போட்டுப் பார்த்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

“உப்பு சரியாத்தான் இருக்கு. உறைப்பு பத்தாது. ரெண்டு சில்லு தேங்கா அரைச்சு விட்டா கொஞ்சம் மணமா இருக்கும்.”

“ஆச்சி, இது கொரியா சாப்பாடு. அவங்க தேங்காயெல்லாம் போட மாட்டாங்க.”

“பாவம், அவன் ஊர்ல தேங்கா கெடையாதா இருக்கும். நம்ம வீட்டுல கெடக்கில்லா, எடுத்து அரைலே.”